24 கிலோமீட்டருக்கு 200 குதிரைகள்

மாணவர்களே, எதிர்காற்றில் சைக்கிள் மிதித்திருப்பீர்கள். மெதுவாகப் போகும்போது காற்று ஒரு பொருட்டாகவே தெரியாது. சற்று விரைந்து மிதித்தாலோ, யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவது போலிருக்கும். உலகின் மிக வேகமான கார்களைச் செய்பவர்களுக்கும் இதே தொல்லைதான்.

2007-ஆம் ஆண்டு பி.பி.சி. தொலைக்காட்சியின் 'டாப் கியர்' நிகழ்ச்சியில், ஜேம்ஸ் மே என்பவர் புகாட்டி வேரான் என்னும் காரை ஓட்டிக் காட்டினார். (மெதுவாக ஓட்டுபவர் என்று சக தொகுப்பாளர்கள் கேலி செய்யும் மனிதர் இவர்!) ஜெர்மனியில் ஏரா-லெஸியன் என்ற இடத்திலுள்ள ஃபோக்ஸ்வாகன் சோதனைத் தடத்தில், ஏறத்தாழ 9 கி.மீ. நீளத்துக்கு வளைவே இல்லாத சாலை உண்டு. அங்கே அவர் மணிக்கு 407 கி.மீ. வேகத்தை எட்டினார். எஞ்சினின் திறன் 1001 குதிரைத் திறன்.

இவ்வளவு திறன் எதற்கு? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 407 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 113 மீட்டர். காரின் முன்பக்கப் பரப்பு சுமார் 2 சதுர மீட்டர். ஆகவே ஒவ்வொரு நொடியும் அதன் பாதையில் 226 கன மீட்டர் காற்று குறுக்கிடுகிறது. காற்றுக்கு எடை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு கன மீட்டர் சுமார் 1.2 கிலோ இருக்கும். நொடிதோறும் 270 கிலோ காற்றை விலக்கித் தள்ள வேண்டும்!

வேகத்தை இரு மடங்காக்கினால், ஒரு நொடியில் எதிர்ப்படும் காற்று இரு மடங்காகும். அதைத் தள்ள வேண்டிய வேகமும் இரு மடங்காகும். எனவே தடை விசை 2 × 2 = 4 மடங்கு. திறன் என்பது விசையை வேகத்தால் பெருக்கி வருவது அல்லவா? ஆகவே தேவைப்படும் திறன் 8 மடங்கு! அதாவது, வேகத்தின் மும்மடிக்கு ஏற்பத் திறன் கூட வேண்டும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கா? 2010-இல் இதே காரின் 'சூப்பர் ஸ்போர்ட்' வகை, அதே தடத்தில் 431 கி.மீ. வேகம் சென்றது. 431-ஐ 407-ஆல் வகுத்தால் 1.059, அதன் மும்மடி 1.187. இதை 1001-ஆல் பெருக்கினால் 1188 வரும். புதிய எஞ்சினின் திறன் 1200! 24 கி.மீ. கூடுவதற்கு ஏறக்குறைய 200 குதிரைகள். டயரின் உராய்வு, உடலமைப்பின் சிறு மாற்றங்கள் முதலியவற்றை நாம் சேர்க்கவில்லை. விடை இவ்வளவு நெருங்கி வந்ததில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு.

அந்தச் சோதனையில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். காரை ஒரு திசையில் ஓட்டியபோது கிடைத்தது 427.9 கி.மீ.; எதிர்த்திசையில் 434.2. இரண்டின் சராசரியே 431. பின்காற்று செய்த உதவியை எதிர்காற்று கழித்துவிடும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

வேகத்திற்குக் கொடுக்கும் விலை திறன் மட்டுமன்று. உச்ச வேகத்தில் ஓடினால், வேரானின் 100 லிட்டர் பெட்ரோல் 12 நிமிடத்தில் தீர்ந்துவிடும். வெப்பத்தை வெளியேற்ற அதற்குப் பத்து ரேடியேட்டர்கள் வேண்டியிருந்தன. பிரேக் போடும்போது பின்புற இறக்கை நிமிர்ந்து காற்றை மறிக்கும். முன்னேறும்போது பகையாக இருந்த காற்று, நிற்கும்போது துணையாகிறது!

நிறுத்துவதில் வேறொரு கணக்கு உண்டு. ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஆகையால், 40 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்ததும் 9 மீட்டரில் நிற்கும் கார், 80 கி.மீ. வேகத்தில் 36 மீட்டர் ஓடித்தான் நிற்கும். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்கும் வரை ஓடிய தூரம் இதில் சேரவில்லை. சாலையைக் கடக்க நிற்கும்போது, வரும் வண்டியின் தூரத்தை மட்டும் பார்த்தால் போதாது, வேகத்தையும் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

நீங்களே செய்து பார்க்க ஒரு கணக்கு: 2019-இல் அதே தடத்தில், 1600 குதிரைத் திறன் கொண்ட புகாட்டி சிரோன் காரில் ஆண்டி வாலஸ் 490 கி.மீ. வேகம் சென்றார். நம் மும்மடி விதிப்படி, 431-லிருந்து 490-க்கு உயர எத்தனை குதிரைத் திறன் வேண்டும்? 1760-க்கு மேல் வரும். குறைவான திறனில் எப்படிச் சென்றது? இரண்டு தகவல்கள் தருகிறேன். அந்தக் காரின் வால்பகுதி 25 செ.மீ. நீட்டப்பட்டிருந்தது. ஓட்டமும் ஒரே திசையில்தான் நடந்தது.