வாக்கி-டாக்கி எவ்வளவு தூரம் பேசும்?

பெட்டியின் மேல் '30 கிலோமீட்டர்' என்று அச்சிட்டிருக்கிறதா? நம்பிவிடாதீர்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள். இதன் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை; பூமியோ உருண்டை.

கருவியின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 1.5 மீட்டர் உயரத்தில் பிடித்தால் 4.4, எதிரே பேசும் நண்பருக்கும் அதே அளவு. ஆக, சமவெளியில் சுமார் 9 கிலோமீட்டர்தான்! கட்டடங்கள் மறைத்தால் இன்னும் குறையும். ஒருவர் 50 மீட்டர் உயரக் குன்றின்மேல் நின்றால் 30 வரும். விளம்பரக்காரர் அங்கேதான் நின்றார் போலும்!

வாட் கூடினாலும் தொடுவானம் நகராது. ஆகவே அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், அதிர்வெண்ணைப் பாருங்கள். இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் குறைந்த ஆற்றல் கருவிக்கு உரிமம் வேண்டியதில்லை. அரசின் வகை ஒப்புதல் பெற்றதா என்றும் கடைக்காரரிடம் கேளுங்கள்.