விரல்வழி வந்த மொழி

கண்ணும் செவியும் ஒருங்கே இழந்தோர் என்றதும் நாம் ஹெலன் கெல்லரையே நினைக்கிறோம். அவருக்கு முன்னோடியான லாரா பிரிட்ஜ்மனை மறந்துவிடுகிறோம். இரண்டு வயதளவில் காய்ச்சலால் இருபுலனும் இழந்த அச்சிறுமி, 1837இல் பாஸ்டன் நகரின் பெர்க்கின்ஸ் பள்ளியில் சேர்ந்தாள். சாவி, கரண்டி முதலியவற்றில் தடவியறியும் புடைப்பெழுத்துச் சீட்டுகளை ஒட்டி, பள்ளித் தலைவர் ஹவ் பயிற்றினார். முதலில் அவள் எந்திரம் போலவே பொருத்தினாள், பொருள் அறியாமலே! பின்னர் ஒருநாள், தன் மனத்திலுள்ளதைப் பிறர்க்கு உணர்த்தும் வழி இதுவெனத் தெளிந்தாள். அவ்வேளை அவள் முகம் ஒளிர்ந்ததை ஹவ் எழுதியுள்ளார்.

அப்பள்ளியில் பிற்காலத்தே பயின்ற ஆன் சலிவன், லாராவுடன் உரையாட உள்ளங்கையில் எழுதும் விரலெழுத்தைக் கற்றார். 1887இல் ஹெலனுக்கு அவர் கொண்டுசென்ற பொம்மையின் ஆடையும் லாரா தைத்ததே. அவ்வாண்டு ஏப்ரல் 5 அன்று, குழாயடியில் ஹெலனின் ஒரு கையில் நீர் வழிய, மறு கையில் அவ்விரலெழுத்தால் நீரின் பெயர் எழுதப்பட்டது.