ஆளுக்கொரு பிராண்டு கேமரா, நடுவுல ஒரு அலாரம்: அக்கா சொல்றதைக் கேளு

வாசல்ல ஆஃபர்ல வாங்கின வைஃபை கேமரா. பழைய காண்ட்ராக்டர் மாட்டிட்டுப் போன நாலு டோம் கேமரா, அதுக்குப் பரண் மேல தூசி படிஞ்ச ஒரு டிவிஆர். மச்சான் வாங்கிக் கொடுத்த சைரன் பொட்டி ஒண்ணு. மூணும் மூணு கம்பெனி. போன்ல மூணு ஆப், மூணு பாஸ்வேர்டு. ராத்திரி ரெண்டு மணிக்குத் தெருநாய் குரைச்சா எதைத் திறக்கறதுன்னு தெரியாம முழிப்ப. உடனே "எல்லாத்தையும் கழட்டிட்டு ஒரே கம்பெனியா மாட்டிடறேன்க்கா"ன்னு கிளம்பாத. காசு என்ன மரத்துலயா காய்க்குது?

உனக்கு நிஜமா வேணுங்கறது ரெண்டே விஷயம். எல்லாக் கேமராவும் ஒரே பொட்டியில பதிவாகணும். அலாரம் அடிச்சா அந்த நேரத்துப் படம் தேடாம கைக்கு வரணும். இது நடந்துட்டா, போன்ல ரெண்டு ஆப் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். ஒரே ஆப்தான் வேணும்னு அடம் பிடிக்கறவங்கதான் கடைக்காரர்கிட்ட காசை விடறாங்க.

1. பிராண்டை விடு, மாடல் நம்பரை எழுது

ஒரே கம்பெனியில ஒரு மாடல் வெளி ரெக்கார்டரோட சேரும், இன்னொரு மாடல் சேராது. அதனால கேமராவுல ஒட்டியிருக்கற ஸ்டிக்கரைப் போன்ல படம் எடுத்து வை. புதுசு வாங்கினா மேல ஏத்தறதுக்கு முன்னாடியே எடு, அப்புறம் ஏணி தேடிக்கிட்டு நிப்ப. கூடவே ஒயரையும் பாரு: முறுக்கி மாட்டற வட்ட பிஎன்சி கனெக்டரா, லேன் கேபிளா, கரண்ட் ஒயர் மட்டும் வர்ற வைஃபையா, பேட்டரியா. எது எதோட சேரும்னு இதுலயே பாதி தெரிஞ்சுடும்.

2. பிஎன்சி கேமரான்னா டிவிஆர் என்னென்ன வாங்கும்னு கேளு

பார்க்க எல்லாம் ஒரே கனெக்டர்தான், உள்ளே ஓடறது வேற. ஹிக்விஷன் பக்கம் டிவிஐ, டாவா பக்கம் சிவிஐ, பொதுவா ஏஹெச்டி, ரொம்பப் பழசுன்னா சிவிபிஎஸ். இப்ப வர்ற டிவிஆர் நிறைய இந்த எல்லாத்தையும் வாங்கிக்கும். ஆனா எத்தனை மெகாபிக்சல் வரைக்கும்னு ஒரு கணக்கு இருக்கு, அதைக் கேக்காம 5 மெகாபிக்சல் கேமராவை வாங்கிட்டு வந்து நிக்காத. படம் கருப்பா இருந்தா கேமரா போச்சுன்னு தூக்கிப் போடவும் வேண்டாம். பல கேமராக்களோட வால் ஒயர்ல ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும். அதை மாத்தினா டிவிஐ, சிவிஐ, ஏஹெச்டின்னு மாறும்.

3. ஐபி கேமரான்னா 'ஆன்விஃப்' இருக்கான்னு பாரு. அதை நம்பி மட்டும் வாங்காத

ஆக்சிஸ், பாஷ், சோனி மூணு கம்பெனியும் சேந்து 2008ல ஆரம்பிச்ச பொது ஏற்பாடு இது. வேற வேற பிராண்டு கேமராவும் ரெக்கார்டரும் பேசிக்கறதுக்கு. ஆனா சம்பந்தி வீட்டுக்காரங்க மாதிரி, "நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா" அளவுக்குத்தான் பேச்சு. படம் வரும், கேமராவைத் திருப்ப முடியும், சத்தமும் சிலதுல வரும். ஆள் வந்தா தனியா சொல்றது, கோடு தாண்டினா எச்சரிக்கறது, இந்தப் பக்கத்துலேர்ந்து பேசறது, இந்த மாதிரி சாமர்த்தியமெல்லாம் பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனி பொட்டியிலதான் முழுசா வேலை செய்யும். வாசல் கேமராவுக்கு மட்டும் அந்த சாமர்த்தியம் வேணும்னா, வாசலுக்கு மட்டும் ரெக்கார்டர் கம்பெனியிலயே வாங்கு. மாடிக்கும் கொல்லைக்கும் பழசு போதும்.

- அட்டைப் பெட்டியில 'ஆன்விஃப்'னு அச்சடிச்சிருந்தா போதாது. எந்த புரொஃபைல்னு பாரு. எஸ் சாதாரண வீடியோவுக்கு. டி புதுசு, ஹெச்.265 வரைக்கும் போகும். ஆன்விஃபோட வெப்சைட்டுல மாடல் வாரியா பட்டியல் இருக்கு, அதுல தேடிட்டு அப்புறம் காசைக் கொடு.
- பல புதுக் கேமராவுல ஆன்விஃப் அணைஞ்சுதான் வரும். செட்டிங்ஸ்ல போய் ஆன் பண்ணி, அதுக்குன்னு தனி யூசர் உருவாக்கணும். டேப்போ மாதிரி வைஃபை கேமராவுல ஆப்புக்குள்ளேயே 'கேமரா அக்கவுண்ட்'னு தனியா ஒண்ணு போடணும், போர்ட் 2020. ஆப் பாஸ்வேர்டையே ரெக்கார்டர்ல அடிச்சுப் பார்த்துட்டு "சேரலைக்கா"ன்னு என்கிட்ட வராத.
- பேட்டரி கேமராவைப் பொதுவா மறந்துடு. சார்ஜ் மிச்சம் பிடிக்க அது தூங்கிக்கிட்டே இருக்கும், ரெக்கார்டருக்கு விடாம படம் அனுப்பாது.
- அமெரிக்காவுலேர்ந்து சித்தி பொண்ணு ரிங், பிளிங்க்னு கொண்டுவந்தா சந்தோஷமா வாங்கிக்கோ, ஆனா உன் ரெக்கார்டரோட சேரும்னு கனவு காணாத. அதுங்க தங்களோட ஆப்பை விட்டு வெளியே வராது. இஸட்-வேவ் கதவு சென்சார்னா இன்னும் மோசம். அங்க 908 மெகாஹெர்ட்ஸ், இங்க 865. இங்க வாங்கின ஹப்புக்கு அது பேசறது காதுலயே விழாது.

4. 'ஹெச்.265+' பிளஸ்ஸை அணை

படம் விட்டு விட்டு வருதா, கலங்கலா இருக்கா, பின்னாடி போட்டுப் பார்க்கறப்ப தவ்வுதா? அந்த பிளஸ், 'ஸ்மார்ட் கோடெக்' மாதிரி பேரெல்லாம் கம்பெனியோட சொந்தக் கைவேலை, அடுத்த கம்பெனி பொட்டிக்குச் சரியாப் புரியாது. சாதா ஹெச்.265 வை. அதுவும் தகராறு பண்ணா ஹெச்.264. ஹார்டு டிஸ்க் சீக்கிரம் நிரம்பும், அவ்வளவுதான். ஒரு கேமராவுக்கு 2 எம்பிபிஎஸ்னு வச்சா ஒரு நாளைக்கு சுமார் 21.6 ஜிபி. நாலு கேமராவுக்கு 1 டிபி டிஸ்க் பதினோரு நாள் தாங்கும். வீட்டுக்கு அது போதும்.

5. பிராட்பேண்ட் மாத்தறதுக்கு முன்னாடி இதைப் படி

ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு ஐபி நம்பர். ஹிக்விஷன் பலதும் பெட்டியிலேர்ந்து வர்றப்பவே 192.168.1.64, டாவா 192.168.1.108. ஒரே கம்பெனியில ரெண்டு கேமராவை ஒரே நேரத்துல சொருகினா ரெண்டும் ஒரே நம்பரைப் பிடிச்சுக்கிட்டு அடிச்சுக்கும். ஒவ்வொண்ணா சொருகு, நம்பர் மாத்து, அப்புறம் அடுத்தது.

இதைவிட நிறைய பேர் மாட்டிக்கறது வேற இடத்துல. ரவுட்டர் மாறும், எல்லாக் கேமராவும் ஒரே நாள்ல செத்துப் போகும். காரணம் சின்னது. பழைய ரவுட்டர் 192.168.1னு ஆரம்பிச்சிருக்கும், ஜியோஃபைபர் ரவுட்டர் 192.168.29னு ஆரம்பிக்கும். கேமரா பழைய தெருப் பேரையே சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கும். கேமரா ஒவ்வொண்ணையும் போய் மாத்தாத. புது ரவுட்டரோட லேன் நம்பரைப் பழையபடி மாத்தச் சொல்லி, லைன் போட வர்ற தம்பிகிட்டேயே அப்பவே கேட்டு வாங்கிக்கோ.

6. கடிகாரம். இதை மட்டும் தள்ளிப் போடாத

சில கேமரா சீனா நேரத்தோடயே வரும், நம்ம நேரத்தைவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. அலாரம் பத்தரைக்கு அடிச்சிருக்கும், நீ படத்துல பத்தரையைத் தேடுவ. அது அங்க ஒரு மணின்னு பதிவாகியிருக்கும். ஒரு கேமராவுல ஆள் வாசல்ல நிக்கறான், இன்னொண்ணுல அவன் ஏற்கெனவே போயிட்டான்னா எந்த இன்ஸ்பெக்டர் நம்புவார்?

அது மட்டும் இல்ல. பாஸ்வேர்டு நூத்துக்கு நூறு சரி, ஆனாலும் ஆன்விஃப்ல 'லாகின் தோல்வி'ன்னு வருதா? ரெக்கார்டர் பாஸ்வேர்டோட நேரத்தையும் சேர்த்துக் கலந்துதான் அனுப்பும். ரெண்டு கடிகாரமும் ரொம்பத் தள்ளியிருந்தா கேமரா "நீ யாரு"ன்னு கதவைச் சாத்திடும். ரெக்கார்டரும் விடாம முட்டிக்கிட்டே இருக்கும், கடைசியில கேமரா அந்த யூசரைக் கொஞ்ச நேரத்துக்குப் பூட்டியே வச்சிடும். முதல்ல எல்லாத்துலயும் நேர மண்டலம் +5:30 வை, என்டிபியை (நெட்லேர்ந்து நேரத்தைத் தானா சரி பண்ணிக்கறது) ஆன் பண்ணு, அப்புறம் சேர்த்துப் பாரு. பாதித் தகராறு இதுலயே தீரும்.

படத்தைக் கேஸுக்குக் கொடுக்க வேண்டி வந்தா, 2024 ஜூலை 1லேர்ந்து புது சாட்சியச் சட்டம், பிரிவு 63. சான்றிதழ் வேணும், அதுல அந்த ஃபைலோட கைரேகை மாதிரியான ஹேஷ் எண் எழுதணும். போன்ல டிவியைப் படம் பிடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு முடிஞ்சதுன்னு இருக்காத. ரெக்கார்டர்லேர்ந்தே பென் டிரைவ்ல எடு.

7. அலாரத்தைச் சேர்க்க ரெண்டு ஒயர் போதும்

ஆப், கிளவுடுன்னு சுத்தாத. அலாரமும் கேமராவும் எந்தக் கம்பெனியா இருந்தாலும் பேசிக்கற பாஷை ஒண்ணுதான்: ஒரு ஸ்விட்ச் மூடறதும் திறக்கறதும். ரெக்கார்டரைத் திருப்பிப் பின்பக்கம் பாரு. பச்சைக் கலர்ல திருகு வச்ச ஒரு கட்டை, 'அலாரம் இன்' 1, 2, 3, 4, பக்கத்துல 'ஜி'. சைரன் பொட்டியில ரிலே அவுட்புட்னு ரெண்டு முனை இருக்கும். அதுல ஒண்ணை 1லயும் இன்னொண்ணை ஜியிலயும் திருகு. செட்டிங்ஸ்ல போய் 'அலாரம் 1 வந்தா வாசல் கேமரா, ஹால் கேமரா ரெண்டையும் பதிவு பண்ணு, போனுக்குச் சொல்லு'ன்னு வை. வேலை முடிஞ்சுது. இன்டர்நெட் போனாலும் பதிவாகும், அதுதான் எனக்கு இதுல பிடிச்சது.

- சைரனுக்குப் போற 12 வோல்ட் ஒயரை அப்படியே 'அலாரம் இன்'ல திருகிடாத, ரெக்கார்டர் போர்டு போயிடும். அங்க கரண்ட் இல்லாத வெறும் ஸ்விட்ச் முனைதான் வேணும். பொட்டியில ரிலே முனை இல்லன்னா நடுவுல ஒரு 12 வோல்ட் ரிலே வை.
- ஸ்விட்ச் முனையில என்ஓ (சாதாரணமாத் திறந்திருக்கறது), என்சி (சாதாரணமா மூடியிருக்கறது)ன்னு ரெண்டு வகை. மாத்தி வச்சா நாள் முழுக்க அலாரம் வந்ததாவே காட்டும். செட்டிங்ஸ்ல மாத்தினா சரியாகிடும், ஒயரைக் கழட்டாத.
- பொட்டியோட சேர்க்கறதுக்கு முன்னாடி ஒரு துண்டு ஒயரால 1ஐயும் ஜியையும் தொட்டுப் பாரு. திரையில அலாரம்னு வரணும். வரலன்னா தப்பு ரெக்கார்டர் பக்கம், சைரன் பொட்டியைத் திட்டாத.
- ரெக்கார்டரோட 'அலாரம் அவுட்'ல 230 வோல்ட் லைட்டை நேராத் தொங்கவிடாத. அது கையாலாகாத குட்டி ரிலே. லைட்டுக்குத் தனி ரிலே போட்டு எலக்ட்ரீஷியனை விட்டு மாட்டு.
- விலை குறைஞ்ச 4 சேனல் பொட்டி பலதுல இந்தப் பச்சைக் கட்டையே இருக்காது. வாங்கறப்ப முன்னாடி அழகைப் பார்க்காத, திருப்பிப் பின்னாடி பாரு.

கேமரா அசைவை வச்சு மட்டும் சைரன் அடிக்க விடவே விடாத, கண்ணு. கண்ணாடி மேல பல்லி ஓடும், ராத்திரி இன்ஃப்ராரெட் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், ஐப்பசி மழையில வாழை இலை ஆடும். ரெண்டு ராத்திரி தெருவே எழுந்தா மூணாவது ராத்திரி நீயே சைரனை அணைச்சு வச்சிடுவ, திருடனுக்கு அதுதான் வேணும். சைரனுக்குக் கதவு மேக்னட். கேமரா படம் எடுத்தா போதும்.

8. ஒயர்லெஸ் சென்சார்

433 மெகாஹெர்ட்ஸ்ல வர்ற விலை குறைஞ்ச கதவு சென்சார் பலதும் வேற கம்பெனி சைரன் பொட்டியோட சேர்ந்துடும். ஏன்னா எப்பவும் மாறாத ஒரே கோடைத்தான் அனுப்பும், பொட்டி அதைக் கத்துக்கும். வசதிதான். ஆனா பொட்டி கத்துக்கறதை வேற எவனும் கத்துக்கலாம் இல்லையா? ஜன்னலுக்கு வை, தலைவாசலுக்கு ஒயர் இழு.

9. 'எல்லாத்தையும் சேர்க்கற' மென்பொருள்

ஹோம் அசிஸ்டென்ட்னு ஒண்ணு இலவசமா இருக்கு. குட்டி ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டர்லயே ஓடும், கேமரா, சென்சார், சைரன்னு கண்ட பிராண்டையும் சேர்க்கும். நிஜமாவே நல்லா இருக்கும். ஆனா அடிக்கடி அப்டேட், அடிக்கடி கைவேலை. வீட்டுல பிளஸ் டூ பையன் ஆசையா மாட்டித் தருவான், அவன் ஹாஸ்டல் போனதும் யார் பார்க்கறது? உனக்கே அதுல ஆர்வம் இருந்தா இறங்கு. இல்லன்னா ஏழாவது பாயிண்ட்டோட நிறுத்திக்கோ.

பல பிராண்டும் சேர்றதுக்கான பொதுத் தரம் 'மேட்டர்'னு அட்டையில போட்டிருந்தாலும் அவசரப்படாத. அது 2022லயே வந்துச்சு, கேமராவைச் சேர்த்தது 2025 நவம்பர்ல வந்த 1.5லதான். கேமரா, ஹப் ரெண்டுமே அதுக்கு ஒத்துக்கணும்.

10. பூட்டு

- பொட்டியோட வந்த பாஸ்வேர்டை அன்னைக்கே மாத்து. 2016ல மிராய்னு ஒரு வைரஸ் இப்படி மாத்தாம விட்ட கேமராவையும் டிவிஆரையும் லட்சக்கணக்குல பிடிச்சு, பெரிய பெரிய வெப்சைட்டையே படுக்க வச்சுச்சு.
- மாட்ட வந்தவர் தன் போன்லயே ஸ்கேன் பண்ணி, தன் அக்கவுண்ட்லயே சேர்த்துட்டுப் போயிடுவார். பாதகமா இல்ல, பழக்கம். ஆனா உன் ஹால் அவர் போன்ல தெரியும். உன் அக்கவுண்ட்ல சேர்த்து, அட்மின் பாஸ்வேர்டைக் கையில வாங்கினப்புறம் பில்லுக்குப் பணம் கொடு.
- வெளியூர்லேர்ந்து பார்க்கணும்னு ரவுட்டர்ல போர்ட் திறக்கச் சொன்னா வேண்டாம்னு சொல்லு. கம்பெனி ஆப் வழியா பாரு.

11. இனிமே வாங்கறதுன்னா

2025 ஏப்ரல் 9லேர்ந்து இந்தியாவுல விக்கற சிசிடிவி கேமராவுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். ரிச்சி ஸ்ட்ரீட்ல "பழைய ஸ்டாக் மேடம், பாதி விலை"ன்னு தள்ளினா சான்றிதழ் எங்கன்னு கேளு, பில்லுல மாடல் நம்பரை எழுதச் சொல்லு. லேன் ஒயர்லயே கரண்ட் போற கேமரான்னா ஸ்விட்ச்சும் அதே பிஓஇ தரமான்னு பாரு, 802.3ஏஎஃப்னு எழுதியிருக்கும். பேர் இல்லாத 'பாசிவ்' அடாப்டர் வோல்ட்டேஜ் மாறினா கேமரா புகைஞ்சுடும். யுபிஎஸ் போட்டா ரெக்கார்டருக்கு மட்டும் போடாத. ரவுட்டர், ஃபைபர் பொட்டி, பிஓஇ ஸ்விட்ச், சைரன் எல்லாம் அதுலேர்ந்தே வரணும். கரண்ட் போன நேரம்தான் கேமரா வேணும்.

12. ஏணியை மடக்கறதுக்கு முன்னாடி

மாட்ட வந்தவர் இருக்கறப்பவே வீட்டுல ஒருத்தரை வெளியே அனுப்பிக் கதவைத் திறக்கச் சொல்லு. சைரன் அடிக்குதா, வாசல் கேமரா பதிவாகுதா, போனுக்கு வருதா, நேரம் சரியா இருக்கான்னு பாரு. அப்புறம் மெயினை அணைச்சுட்டு இன்னொரு தடவை. ரெண்டாவது தடவைதான் பல வீட்டுல சைரன் ஊமையாகும். பொட்டிக்குள்ள இருக்கற பேட்டரியோட ஒயரைச் சொருகாமலே மூடியிருப்பாங்க.