ராஜினாமாவில் கையெழுத்துப் போடாதீர்கள்!



குடும்ப நலம் என்றால் பிள்ளைப்பேறும் தடுப்பூசியும் மட்டுந்தானா? அல்ல. மாதச் சம்பளம் நின்றால் பிள்ளையின் பாலும் நிற்கும், படிப்பும் நிற்கும். ஆகவே கணவனும் மனைவியும் சேர்ந்து தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்றை இங்கே சொல்கிறோம்.

விபத்தில் கை போகலாம். சர்க்கரை நோயால் காலை எடுக்க நேரலாம், பார்வை மங்கலாம். அப்போது உறவினர் சொல்வது என்ன? "இனிமே உன்னால முடியுமா? எழுதிக் குடுத்துட்டு வீட்டோட இரு. உன் சம்சாரத்துக்காவது அந்த வேலையைக் கேளு." அனுதாபப் பேச்சுதான். ஆனால் குடும்பத்தின் சோற்றில் மண் விழும் பேச்சு!

நடந்த வழக்கு

பஞ்சாப் மாநில மின்வாரியத்தில் உதவி லைன்மேன் ஒருவருக்கு 1994இல் இரு கண்களும் தெரியாமல் போயின. "எனக்கு ஓய்வு கொடுங்கள், என் மனைவிக்குத் தகுந்த வேலை கொடுங்கள்" என்று அவரே எழுதிக் கொடுத்தார். அவரை ஓய்வில் அனுப்பிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2008இல் தீர்ப்பு வந்தது. உரிமையை அறியாமல் எழுதிய கடிதத்தைக் காட்டி வெளியே அனுப்பியது தவறு. சட்டத்தை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியது அதிகாரிகளின் கடமை. ஓய்வு வயது வரை பணியில் இருந்தவராகவே அவரைக் கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். நியாயம் கிடைத்தது, ஆனால் எத்தனை வருஷம் கழித்து!

சட்டம் என்ன சொல்கிறது?

அன்று இருந்தது 1995ஆம் ஆண்டுச் சட்டம். இப்போது அதன் இடத்தில் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 உள்ளது. இதன் 20ஆம் பிரிவின்படி:

1. அரசுப் பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால் வேலையை விட்டு நீக்கக் கூடாது. பதவியைக் குறைக்கவும் கூடாது.

2. பழைய வேலையைச் செய்ய இயலாவிட்டால், அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை தர வேண்டும்.

3. வேறு இடம் காலி இல்லையா? இடம் கிடைக்கும் வரை, அல்லது ஓய்வு வயது வரை, கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்திருக்க வேண்டும்.

4. ஊனத்தைக் காரணம் காட்டிப் பதவி உயர்வை மறுக்கக் கூடாது.

அரசு அலுவலகம் மட்டுமல்ல, உள்ளாட்சி மன்றங்களுக்கும் அரசுக்குச் சொந்தமான நிறுவனங்களுக்கும் இது பொருந்தும்.

தனியார் மில்லில் வேலை என்றால்? மேலே சொன்ன வேலைப் பாதுகாப்பு அரசு நிறுவனங்களுக்கு உரியது. ஆனால் 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனமும் தன் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். அதைக் கேட்டுப் பாருங்கள்.

முதலாளிமார்களுக்கு ஒரு வார்த்தை: மாடியில் இருப்பவருக்குக் கீழ்த்தளத்தில் ஓர் இடம், படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம், நிற்பவருக்கு ஒரு நாற்காலி. இவை தயவு அல்ல. தாங்க முடியாத சுமையாக இல்லாத இத்தகைய வசதியை மறுப்பதைப் பாகுபாடு என்றே சட்டம் சொல்கிறது. சட்டத்தை மீறினால் முதல் முறை ரூ.10,000 வரை அபராதம், மறுமுறை ரூ.50,000 முதல் ரூ.5 லட்சம் வரை.

நீங்கள் செய்ய வேண்டியவை

• முதலில் சிகிச்சை. மருத்துவ விடுப்புக்கு எழுதுங்கள். ராஜினாமாவோ விருப்ப ஓய்வோ எழுதிக் கொடுத்துடாதீங்க.

• ஊனச் சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் பெறுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள்.

• வேறு வேலை கேட்டு எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். நகலில் தேதியுடன் கையொப்பம் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

• மறுத்தால், அந்த அலுவலகத்தின் குறைதீர்க்கும் அலுவலரிடம் புகார் கொடுங்கள். பதிவான இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் மாவட்ட அளவிலான குழுவை அணுகலாம்.

தாய்மார்களே! படுக்கையில் இருக்கும் கணவரிடம் யாராவது காகிதத்தை நீட்டினால், "படிச்சுப் பாத்துட்டுத் தர்றோம்" என்று வாங்கி வையுங்கள். மனைவிக்கு ஊனம் நேர்ந்தால் கணவரும் அப்படியே செய்யுங்கள்.

உறுப்பு குறைந்தாலும் உரிமை குறையாது!