முடி கொட்டுதா? தண்ணீரை மட்டும் திட்டாதீர்கள்

சீப்பில் நாலு முடி வந்தாலே போர்வெல் தண்ணீரைக் குறை சொல்கிறோம். உப்புத் தண்ணீரில் முடி வறண்டு சிக்காகும், நடுவில் ஒடியும். வேரோடு கொட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு. உதிர்ந்த முடியை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகச் சிறு குமிழ் இருந்தால் வேரோடு வந்தது, இல்லையென்றால் ஒடிந்தது. நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு.

திடீரென்று கொத்துக் கொத்தாகக் கொட்டினால், போன வாரம் மாற்றிய ஷாம்பூவை விடுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு முன் நடந்ததை யோசியுங்கள். டெங்கு, டைபாய்டு, பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி டயட் எல்லாமே தாமதமாகத்தான் தலையில் தெரியும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அடங்கி, முடி திரும்ப வளரும். பிள்ளை பெற்றவளை இதைச் சொல்லி யாரும் பயமுறுத்த வேண்டாம்.

மொட்டை போட்டால் அடர்த்தி கூடாது. வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது, கத்தி அங்கே போவதில்லை. வழுக்கை அம்மா வழியில் மட்டுமல்ல, அப்பா வழியிலும் வரும். ஹெல்மெட்டால் வழுக்கை விழாது, தயவுசெய்து கழற்றாதீர்கள். ஆனால் தினமும் இறுக்கி இழுத்துப் பின்னும் சடை, நெற்றியோர முடியை நிஜமாகவே போக்கிவிடும்.

புழுவெட்டு பூச்சி கடித்து வருவதல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குவது. அங்கே பூண்டை அரைத்துத் தேய்த்தால் தோல் வெந்து புண்ணாகலாம். அடுத்த எண்ணெய் பாட்டிலை வாங்கும் முன் தோல் மருத்துவரைப் பாருங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு சோதனை தேவையா என்று கேளுங்கள்.