திட்டச் சாலைக்குள் அகப்பட்ட மனை

கேள்வி: கோயம்புத்தூரில் என் தகப்பனார் 1991-ல் கிரயம் பெற்ற ஐந்து சென்ட் மனை இருக்கிறது. வில்லங்கச் சான்று சுத்தம். பட்டா என் பெயரில். வீடு கட்ட அநுமதி கேட்டபோது, மனையின் பாதியில் 'ஸ்கீம் ரோடு' வருகிறதென்று வாய்மொழியாகச் சொல்லி மனுவைத் திருப்பிவிட்டார்கள். இத்தனை வருஷமாகியும் அந்த ரோடு வரவில்லை. எங்களுக்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. அண்டை மனைக்காரர்களோ கட்டிக் குடியிருக்கிறார்கள். நான் என்ன செய்யலாம், ஐயா?

பதில்: வில்லங்கச் சான்றில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிவான ஆவணங்கள் மாத்திரமே வருமாதலால், நகரத் திட்டத்தின் கோடு தங்கள் மனையின் குறுக்கே எத்தனை வருஷமாக ஓடிக்கொண்டிருந்தாலும் அதில் தெரிய வழியில்லை. அந்தக் கோடு இருப்பது உள்ளூர்த் திட்டக் குழுமத்தின் விரிவு அபிவிருத்தித் திட்ட வரைபடத்தில். சர்வே எண்களின்மீது இரண்டு இணைகோடுகளாகச் செல்லும் அதை நேரில் பார்த்து, தங்கள் உட்பிரிவு எண் அதற்குள் எவ்வளவு விழுகிறது என்பதை அளந்துகொள்வதே முதற் காரியம்.

1971-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-வது பிரிவின்படி, திட்டம் அமலுக்கு வந்தபின் அதற்கு விரோதமாக எவரும் நிலத்தை உபயோகிக்கக் கூடாது. ஆகவே அநுமதி மறுத்த அதிகாரி தம் மனம்போனபடி நடந்துகொண்டார் என்று சொல்வதற்கில்லை. ஆனால் திட்டம் பிரசுரமான மாத்திரத்தில் நிலம் சர்க்காருடையதாகிவிடுவதுமில்லை. கிரயமாகவோ கட்டாய ஆர்ஜிதமாகவோ அதை எடுத்துக்கொள்ள 36, 37-வது பிரிவுகள் வழிசெய்திருக்கின்றன. சட்டத்தின் அதிகாரமின்றி ஒருவருடைய சொத்தைப் பறிக்கலாகாது என்பது அரசியல் சாசனத்தின் 300-ஏ விதி. தனியார் நிலத்தைத் திட்டத்தில் சேர்ப்பதற்குத் தடையில்லை, ஆனால் ஆர்ஜிதம் செய்யாமல் அதில் பூங்கா அமைக்க முடியாது என்று புனே நகரத்து ஜேத்மலானி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-ல் தீர்ப்பளித்ததும் இந்த நியாயத்தை ஒட்டியதே.

தங்களுக்கு உண்மையில் துணை நிற்பது 38-வது பிரிவு. திட்டத் தயாரிப்பைப் பற்றி 26 அல்லது 27-வது பிரிவின் கீழ் வெளியான அறிவிப்பு கெஜட்டில் பிரசுரமான தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்குள் ஆர்ஜிதப் பிரகடனம் வெளியிடப்படாமலும், உடன்பாட்டின் பேரில் நிலம் வாங்கப்படாமலும் இருந்தால், அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகவே கருதப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. சட்டம் இயற்றியவர்கள் அநுபவஸ்தர்கள் என்றே நினைக்கிறேன். பந்தியில் இலையைப் போட்டுவிட்டுச் சோறும் பரிமாறாமல், எழுந்துபோகவும் விடாமல் உட்காரவைக்கும் வழக்கம் இலாகாக்களுக்கு உண்டென்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இருந்தாலும், விடுபட்டதாகச் சட்டம் கருதுவது ஒன்று, வரைபடத்தில் கோடு அழிவது வேறொன்று. 38-ஐ நம்பி அநுமதியில்லாமல் அஸ்திவாரம் தோண்டினால், 56, 57-வது பிரிவுகளின் கீழ் நோட்டீஸ் வரும். அப்போது வழக்கு வீட்டைக் காப்பாற்றுவதாக மாறிவிடும். எனவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கெஜட் அறிவிப்பின் நகலையும், வரைபடத்தில் தங்கள் சர்வே எண்ணுள்ள பகுதியின் நகலையும், ஆர்ஜிதம் ஏதேனும் துவங்கப்பட்டதா என்ற விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். பிறகு அநுமதி மனுவை 38-வது பிரிவைக் குறிப்பிட்டு முறைப்படி மீண்டும் கொடுத்து, மறுப்பதானால் காரணத்துடன் எழுத்து மூலமான உத்தரவு கேளுங்கள். வாய்மொழியாகத் திருப்பிய மனுவை வைத்துக்கொண்டு எந்த மேல் அதிகாரியிடமும் போக முடியாது. உத்தரவு கிடைத்தபின் 79-வது பிரிவின் கீழ் மேல்முறையீடு உண்டு. மனுவைக் கிடப்பில் போட்டாலோ, சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசியல் சாசனத்தின் 226-வது விதியின் கீழ் ரிட் மனு.

எதிர்த்தரப்பு எங்கே நிற்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோவையில் 1994-ல் ஒப்புதல் பெற்ற முழுமைத் திட்டத்துக்குப் பின், 2041-ஐ எல்லையாகக் கொண்ட புதிய திட்டம் வந்திருப்பதால், அந்தச் சாலை அதிலும் காட்டப்பட்டிருந்தால் மூன்று வருஷ அவகாசத்தைப் புது அறிவிப்பிலிருந்து எண்ண வேண்டுமென்று வாதிப்பார்கள். ஒரு முறை காலாவதியானதைத் திரும்பத் திரும்ப ஒதுக்கினால் 38-வது பிரிவுக்கே பொருளில்லை என்பது நம் பதிலாயிருக்க வேண்டும். இன்னொன்று: ஒதுக்கீடு நீங்கினாலும் நில உபயோக வகைப்பாடு நீங்காது. மனை குடியிருப்பு வகையில் இல்லையென்றால், வகைப்பாடு மாற்றத்துக்குத் தனி விண்ணப்பம் அவசியம்.

அண்டை வீட்டாரைக் காட்டி வாதாடுவதில் பிரயோஜனமில்லை. பிறர் சட்டம் மீறியதைச் சமத்துவ உரிமையாகக் கேட்க எந்த நீதிமன்றமும் இடம் கொடாது.

நகருக்குச் சாலையே வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதைப் போடும் விதம் ஒன்று உண்டு. 1914-15-ல் சென்னை மாகாணத்து நகரங்களைப் பார்வையிட்ட நகரமைப்பு நிபுணர் பாட்ரிக் கெட்டீஸ், வீடுகளை வெட்டித் தெருவை நேராக்கும் மோகத்தைக் கண்டித்தவர். கோயம்புத்தூரும் அவர் பார்த்த ஊர்தான். பணம் ஒதுக்காமல் கோடு மாத்திரம் போட்டுவைப்பதோ வெட்டுவதைவிடக் கொடியது. சாலைக்குரிய பகுதியைத் தானப் பத்திரம் மூலம் கொடுத்து, அதற்கீடாகக் கூடுதல் கட்டடப் பரப்புரிமை பெறவும் விதிகளில் இடமுண்டு. பெரிய மனைக்காரருக்கு அது லாபம். ஐந்து சென்டில் பாதி போனபின் மீதியில் மாடியேற்றி என்ன செய்யப் போகிறீர்கள்?

மனம் சலித்து விற்றுவிடலாமென்று தோன்றினால், திட்டச் சாலையின் விஷயத்தைக் கிரய ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். சாதாரண ஜாக்கிரதையால் வாங்குபவருக்குத் தெரியவராத குறையை விற்பவர் மறைக்கலாகாது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு கட்டளையிடுகிறது.