விண்டோஸ் 98-ஐ மறுபடி எழுப்பும் இளைஞருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள இளம் நண்பருக்கு,

சிறு பதிப்பகம் ஒன்றின் பழைய ஃப்ளாப்பிகளும் சீடிகளும் உங்கள் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றில் இருப்பவை தொண்ணூறுகளின் பிற்பாதியில் பேஜ்மேக்கரில் கோக்கப்பட்ட தமிழ்ப் புத்தகங்கள். அச்சுப் பிரதிகள் அநேகமாகத் தீர்ந்துவிட்டன. கோப்புகளைத் திறக்க அந்தக் காலத்துக் கணினியை இன்றைய கணினிக்குள் கட்ட வேண்டும். மெய்நிகர் கணினியில் விண்டோஸ் 98 நிறுவுவது ஒரு பிற்பகல் விளையாட்டு என்று பலர் சொல்வார்கள். ஒரு புத்தகத்தை எழுத்து மாறாமல் மீட்பதற்காகச் செய்யும்போது அது விளையாட்டாக இருப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

இந்தச் சுற்றுவழி எதற்கு என்று பதிப்பாளர் கேட்பார். அவருக்குப் பொறுமையாக விளக்குங்கள். ஆல்டஸ் நிறுவனம் 1985-இல் வெளியிட்ட பேஜ்மேக்கர், 1994-இல் அடோபியின் கைக்குப் போனது. 2001-இல் வந்த 7.0-தான் அதன் கடைசிப் பெரும் பதிப்பு. அடோபியின் இன்டிசைனில் சிஎஸ்6 பதிப்பு வரை பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்க வழி இருந்தது. அதற்குப் பின் வந்தவற்றில் அந்த வாசல் அடைபட்டுவிட்டது.

அதைவிடப் பெரிய சிக்கல் எழுத்துருவில் இருக்கிறது. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனாலும் விண்டோஸ் தன் அடித்தளத்திலேயே யூனிகோட் தமிழைக் காட்டத் தொடங்கியது விண்டோஸ் 2000-இல்தான். அதுவரை ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஓர் ஒழுங்கை வைத்துக்கொண்டிருந்தது. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்பது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாகவே இருக்கும். டிஸ்கி என்ற குறியீட்டு முறையில் தமிழ் எழுத்துகள் வேறு எண்களில் உட்கார்ந்திருக்கும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் தமிழ்நாடு அரசு ஏற்ற டாம், டாப் தரங்களில் அந்த எண்கள் மறுபடி வேறு. வணிக நிறுவனங்கள் தத்தம் எழுத்துருக்களுக்கு வைத்துக்கொண்ட ஒழுங்குகள் தனி. எழுத்துரு எது என்று தெரியாமல் உரையை மட்டும் உருவி எடுத்தால் கையில் மிஞ்சுவது குறிகளின் குவியல். எந்த எழுத்துருவில் அடித்தார்களோ அதே எழுத்துருவை, அதே பேஜ்மேக்கரில், அதே விண்டோஸில் வைத்துப் பார்க்கும்போதுதான் பக்கம் பேசும். யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்ட உரை சரியா என்று ஒப்பிடவும் அந்தப் பக்கம்தான் சாட்சி.

இனி நிறுவும் வேலைக்கு வருவோம். புதியவர்கள் பெரும்பாலும் இடறும் இடம் தாராளம். புதிய கணினியில் 32 ஜிபி நினைவகம் இருக்கிறதே என்று மெய்நிகர் கணினிக்கு 4 ஜிபியை அள்ளிக் கொடுப்பார்கள். விண்டோஸ் 98 கேட்ட குறைந்தபட்சம் 66 மெகாஹெர்ட்ஸ் 486 செயலியும் 16 எம்பி நினைவகமும்தான். 512 எம்பியைத் தாண்டினாலே அதன் வட்டுத் தற்காலிக நினைவகமான விகேஷ் தடுமாறத் தொடங்கும். தனக்குரிய முகவரி இடம் முழுவதையும் அதுவே பிடித்துக்கொள்ள, மற்ற வேலைகளுக்கு இடம் இல்லாமல் போகும். எவ்வளவோ நினைவகம் இருந்தும் ‘நினைவகம் போதவில்லை’ என்ற அறிவிப்பு வருவது இதனால்தான். சிஸ்டம் ஐஎன்ஐ கோப்பில் மேக்ஸ்ஃபைல்கேஷ் அளவைக் குறைத்து இதைச் சமாளிக்கலாம். ஆனால் 256 எம்பி மட்டும் கொடுத்துவிட்டால் அந்தத் திருத்தத்துக்கே வேலை இல்லை. வன்தட்டும் அப்படியே. 64 ஜிபியைத் தாண்டிய தட்டின் அளவை விண்டோஸ் 98-இன் வட்டுப் பிரிப்புக் கருவியான பழைய எஃப்டிஸ்க் தப்பாகக் காட்டும். 137 ஜிபிக்கு மேல் போனால் அதன் வட்டு இயக்கி எழுதும் தரவே கெட்டுப்போகலாம். ஒரு பதிப்பகத்தின் பத்தாண்டு உழைப்புக்கு 4 ஜிபி தாராளம். பழைய இயங்குதளத்துக்கு அது எதிர்பார்த்த உலகத்தைக் கொடுங்கள். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொன்றும் ஒரு புதிய பிழைக்கு இடம் தரும்.

வேகமும் அந்த உலகத்தின் ஒரு பகுதி. விண்டோஸ் 95 வெளிவந்து மூன்றே ஆண்டுகளில், 350 மெகாஹெர்ட்ஸையும் அதற்கு மேலும் எட்டிய ஏஎம்டி கே6-2 செயலிகளில் அது தொடங்க மறுத்தது. அதன் சில இயக்கிகள் காலத்தை அளப்பதற்காக ஒரு வெற்றுச் சுழற்சியை ஓட்டி, அதற்கு ஆன நேரத்தால் ஓர் எண்ணை வகுத்தன. சுழற்சி கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிட்டதால் ஆன நேரம் பூஜ்யம் என்று வந்தது. பூஜ்யத்தால் வகுக்கப்போய்க் கணினி நின்றது. அதே வகைக் கோளாறு வலைப்பின்னல் இயக்கியான என்டிஐஎஸ்-இலும் இருந்தது, செயலி 2.1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியபோது அது வெளிப்பட்டது. இன்றைய மடிக்கணினியில் விண்டோஸ் 95 நிறுவுகிறவர்கள் ‘விண்டோஸ் புரொடெக்ஷன் எரர்’ என்ற வரியைப் பார்த்துத் திகைப்பது இதனால். விண்டோஸ் 98-க்கு வேறொரு நோய் உண்டு. நினைவக முகவரிகளைச் செயலி குறித்துவைக்கும் சிறு அட்டவணையை மாற்ற வேண்டிய நேரத்தில் அது சில சமயம் மாற்றாமல் விட்டுவிடும். பழைய செயலிகள் அதைப் பொறுத்துக்கொண்டன. புதியவை பொறுப்பதில்லை. நிறுவல் பாதியில், காரணமே இல்லாததுபோல் வெவ்வேறு இடங்களில் விழும். பேட்சர்9எக்ஸ் என்ற சிறு கருவி இந்தக் குறையைத் திருத்துகிறது.

பிழை வந்தவுடன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும் பழக்கம் வேண்டாம். திரையில் வந்த வரியை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எந்த இயக்கியின் பெயர் வந்தது, எத்தனையாவது மறுதொடக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். கோளாறின் காரணத்தைத் தேட அந்தக் குறிப்புகள்தான் வழிகாட்டும்.

மெய்நிகர் கணினியைக் கட்ட எந்த மென்பொருள், விர்ச்சுவல்பாக்ஸா, 86பாக்ஸா என்று கேட்பீர்கள். விர்ச்சுவல்பாக்ஸ் உங்கள் உண்மையான செயலியையே விருந்தாளி இயங்குதளத்துக்குக் கடன் கொடுக்கிறது. அதனால் வேகம் அதிகம். மேலே சொன்ன வேகக் கோளாறுகளும் சேர்ந்தே வரும். போதாக்குறைக்கு, விண்டோஸ் 98-க்கான துணை இயக்கிகளை அது தருவதில்லை. திரை 640க்கு 480 அளவில் 16 நிறங்களோடு நின்றுவிடும். பிறகு விபிஇஎம்பி போன்ற பொது இயக்கியைத் தேடிப் போட வேண்டும். 86பாக்ஸ் வேறு வழியில் போகிறது. பெண்டியம் செயலி, எஸ்3 வரைகலை அட்டை, சவுண்ட் பிளாஸ்டர் என்று அந்தக் காலத்து வன்பொருளை அது மென்பொருளாலேயே நடித்துக் காட்டுகிறது. வேகம் குறைவு. ஆனால் அந்த அட்டைகளுக்கான இயக்கிகள் விண்டோஸ் 98 சீடியிலேயே பெரும்பாலும் இருக்கின்றன. கால அளவும் அந்தக் காலத்துக்கு உரியதாகவே இருக்கிறது. பக்கம் கோக்கும் வேலைக்கு இந்த வேகம் போதும். ஆவணம் காப்பவருக்கு 86பாக்ஸே ஏற்றது என்பது இந்தக் கடிதத்தின் துணிபு.

நிறுவும் படிகள் எளியவை. எஃப்டிஸ்கில் பிரித்து, மறுதொடக்கம் செய்து, ஃபார்மேட் செய்யுங்கள். நகலெடுப்பதை வேகப்படுத்தும் ஸ்மார்ட்டிரைவை ஓட்டிவிட்டு, சீடியிலுள்ள வின்98 அடைவு முழுவதையும் வன்தட்டுக்கு நகலெடுத்து, அங்கிருந்தே செட்அப்பைத் தொடங்குங்கள். அப்படிச் செய்தால் புதிய இயக்கி சேர்க்கும்போதெல்லாம் விண்டோஸ் சீடியைக் கேட்டு நிற்காது. சுத்தமாக நிறுவி முடித்ததும் ஒரு நகல், இயக்கிகள் அமைந்ததும் ஒரு நகல், பேஜ்மேக்கரும் எழுத்துருக்களும் ஏறியதும் ஒரு நகல் என்று வட்டுப் பிம்பத்தைத் தனித்தனியே எடுத்து வையுங்கள்.

எழுத்துருக்களை அள்ளிப் போடாதீர்கள். விண்டோஸ் 9எக்ஸ் தாங்கும் எழுத்துருக்களின் எண்ணிக்கைக்கு ஆயிரத்தை ஒட்டிய ஒரு வரம்பு உண்டு. அந்தக் காலத்து டிடிபி நிலையங்களின் சீடிகளில் அதற்கு மேலும் கிடக்கும். புத்தகத்துக்கு வேண்டியவை மட்டும் போதும். ஒன்று விட்டுப்போனாலும் பேஜ்மேக்கர் ‘பனோஸ்’ என்று ஒரு பட்டியலைக் காட்டி மாற்று எழுத்துருவைப் போட முன்வரும். அந்த நிலையில் கோப்பைச் சேமித்துவிடாதீர்கள். வரிகள் உடையும் இடங்கள் மாறிவிடும், பக்க எண்கள் நகரும், பொருளடக்கம் பொய்யாகும். படங்களும் அப்படித்தான். பேஜ்மேக்கர் பல படங்களின் இருப்பிடத்தை முழு முகவரியோடு நினைவில் வைத்திருக்கிறது. பதிப்பகத்தின் பழைய கணினியில் படங்கள் டி தட்டில் இருந்திருந்தால், நீங்களும் இரண்டாவது மெய்நிகர் தட்டு ஒன்றை உண்டாக்கி, அதே எழுத்தில், அதே அடைவுப் பெயரில் வையுங்கள்.

ஃப்ளாப்பிகளைத் தொடும் முன் எழுதவிடாமல் தடுக்கும் சிறு தாழ்ப்பாளை நகர்த்தித் துளையைத் திறந்து வையுங்கள். முதலில் முழுப் பிம்பம், வேலையெல்லாம் பிம்பத்தில்தான். 1998-இல் பரவிய சிஐஎச் வைரஸ் விண்டோஸ் 95, 98 கணினிகளில் ஒட்டிக்கொண்டு, ஏப்ரல் 26 வந்ததும் வன்தட்டின் தொடக்கப் பகுதியை அழித்து, பயாஸையும் கெடுக்க முயன்றது. 1999-இல் ஆசியாவில் ஏராளமான கணினிகள் அதற்குப் பலியாயின. நீங்கள் எழுப்பும் விண்டோஸ் 98 அது குடியிருந்த அதே வீடு என்பதை மறக்காதீர்கள். பிம்பங்களைப் புதிய கணினியிலேயே வைரஸ் சோதனை செய்துவிட்டு உள்ளே அனுப்புங்கள். மைக்ரோசாஃப்ட் 2006 ஜூலையோடு ஆதரவை நிறுத்திவிட்ட இயங்குதளத்துக்கு இணையத்தில் வேலை இல்லை; வலை அட்டையே வேண்டாம். கோப்புகளை ஐஎஸ்ஓவாக்கி சீடி போல மாட்டினால் உள்ளே போகும். வெளியே எடுக்க, மெய்நிகர் கணினியை அணைத்துவிட்டு வட்டுப் பிம்பத்தை 7-ஜிப்பில் திறந்தால் போதும்.

பக்கங்களை வெளியே கொண்டுவர நல்ல வழி ஒன்று உண்டு. விண்டோஸ் 98-இல் ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் அச்சுப்பொறியைச் சேர்த்து, அதன் வாயிலைக் கோப்பு என்று அமையுங்கள். பேஜ்மேக்கர் அச்சிடுவதாக நினைத்துக்கொண்டு எழுதும் அந்தக் கோப்பைப் புதிய கணினியில் கோஸ்ட்ஸ்கிரிப்டால் பிடிஎஃப் ஆக்கலாம். எழுத்துரு, இடைவெளி, வரி முறிவு எல்லாம் அச்சான புத்தகத்தில் இருந்தபடியே வரும். அந்த பிடிஎஃப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உரையைத் தனியே ஏற்றுமதி செய்து, யூனிகோடுக்கு மாற்றி வரிக்கு வரி சரிபாருங்கள். இது சலிப்பூட்டும் வேலை. புத்தகம் பிழைப்பது இங்கேதான்.

இந்த உழைப்பு வீண் என்று யாராவது சொன்னால் எமரி பல்கலைக்கழகத்தைச் சொல்லுங்கள். சல்மான் ருஷ்டியின் தாள்களோடு அவருடைய மேக்கின்டாஷ் கணினிகளும் அங்கே வந்தன. அவற்றில் ஒன்றான பெர்ஃபார்மா 5400-ஐ நூலகத்தார் மென்பொருளில் மறு உருவாக்கம் செய்து, 2010 முதல் ஆய்வாளர்கள் பயன்படுத்தத் தந்தார்கள். ருஷ்டி பார்த்த திரையில், அவர் அடுக்கிவைத்த அடைவுகளுக்குள், வருகிறவர்கள் உலவ முடிந்தது. ஒரு நாவலாசிரியரின் மேசைக்குக் கிடைத்த இந்த மரியாதை, பெயர் தெரியாத டிடிபி ஆபரேட்டர்கள் இரவெல்லாம் கோத்த தமிழ்ப் பக்கங்களுக்கும் உரியதுதான்.

உரிம விஷயத்தில் நேர்மையாக இருங்கள். விண்டோஸுக்கும் பேஜ்மேக்கருக்கும் பதிப்பகம் அன்று வாங்கிய சீடியும் சாவியும் பெரும்பாலும் ஏதாவது ஒரு இழுப்பறையில் இருக்கும், கேட்டு வாங்குங்கள். சில இந்திய மொழி மென்பொருள்கள் பேரலல் போர்ட்டில் செருகும் பூட்டோடு வந்தவை. அந்தப் பூட்டு தொலைந்திருந்தால் உடைக்கும் வழி தேடாமல், விற்ற நிறுவனம் இன்னும் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

வேலை முடிந்ததும் பதிப்பாளரிடம் பிடிஎஃப்பையும் யூனிகோட் உரையையும் கொடுத்துவிட்டு, வட்டுப் பிம்பத்தோடு ஓர் எளிய உரைக் கோப்பையும் சேர்த்து வையுங்கள். எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு, எவ்வளவு நினைவகம், எந்த வரைகலை அட்டை, எந்தத் திருத்தம், எந்த எழுத்துரு எந்தச் சீடியிலிருந்து வந்தது, எந்தப் பக்கத்தில் ஐயம் தீரவில்லை என்று அதில் தமிழில் எழுதுங்கள். கோப்பு யூனிகோடில் இருக்கட்டும். இருபது ஆண்டு கழித்து அதைத் திறப்பவர் அதற்கும் ஒரு மெய்நிகர் கணினி தேட வேண்டாம்.

அன்புடன்,
மூத்த தோழர் ஒருவர்